எடைச்சீட்டு இரண்டு வந்தது பற்றி: மூன்றாம் வரைவு

எல்லப்பன் அவர்களுக்கு,
முந்தைய இரண்டு கடிதமும் புரியவில்லை என்றீர்கள்.
சரிதான். அவற்றில் நான் ஒளிந்திருந்தேன்.

ஆனி மாதம். காவேரிப்பட்டணம் சாலையில்
உங்கள் கூழ் ஆலை வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும்
பெங்களூரா ஏற்றிய வண்டிகள்.
எடைமேடைக் கூண்டில் ஷமீம்தாஜ்,
ஒரு மின்விசிறி, என் நிரல்.
திரையில் 9,340 கிலோ.
'அச்சிடு' பொத்தானை ஒரு தடவை அழுத்துகிறாள்.
சன்னல் வெளுத்துப் போகிறது.
சுட்டி நகர்கிறது, எதுவும் அசையவில்லை.
பின்னால் பதினோரு வண்டி ஆரன் அடிக்கிறது.

அந்த நொடியில் உள்ளே நடந்தது இது:
அச்சுக்கென்று தனியாக ஓர் ஆள் இருக்கட்டும் என்று
ஓடிக்கொண்டிருந்த நிரலை அப்படியே
இரண்டாகக் கவைக்கச் சொல்லியிருந்தேன்.
ஒரே வரி. எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது.

கிருஷ்ணகிரி மேம்பாலம் உங்களுக்குத் தெரியும்.
ஓசூருக்கு ஒரு கிளை, சேலத்துக்கு ஒரு கிளை.
அங்கே வருகிற வண்டி ஒரு வழிதான் போகும்.
இது இரண்டு வழியிலும் போகும்,
அதே எண் பலகை, அதே சரக்கு.
நகல் வண்டியில் ஓட்டுநர் மட்டும் இருப்பார்.
கிளீனரைக் காணோம்.
கிளீனரிடம்தான் டூல்பாக்ஸ் சாவி.
பூட்டு வந்துவிட்டது, பூட்டியபடியே.
பூட்டியவன் வரவில்லை.
அது திறக்காது என்று நகல் ஓட்டுநருக்குச் சொல்ல ஆளில்லை,
நிற்கிறார்.
நகல் திரும்பட்டும் என்று
மூல வண்டி மேடையிலேயே நிற்கிறது.
நீங்கள் பார்த்த வெள்ளைச் சன்னல் அதுதான்.

சீட்டு விஷயம் வேறு.
பூட்டில் மாட்டாத நாளில் நடப்பது.
சீட்டை எழுதிய நிரல் அதை உடனே அனுப்பாமல்
வாய்க்குள் வைத்திருந்தது.
அந்த நேரம் பார்த்துக் கவைத்தால்
இரண்டு வாயிலும் அதே சொல்.
நகல் சாகும்போது துப்பிவிட்டுச் சாகும்.
மூலமும் தன் பங்குக்குத் துப்பும்.

செத்தும் பட்டியலை விட்டுப் போகாது,
ரேஷன் அட்டையில் நீக்காத பேர் மாதிரி.
பெற்றதுதான் போய் நீக்க வேண்டும்.
அதற்கான வரியையும் நான் எழுதவில்லை.
வந்து எண்ணிப் பார்த்த அன்றைக்கு
நானூற்றுப் பன்னிரண்டு.

வேப்பனப்பள்ளி திம்மராயன்
இரண்டாவது சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.
"ஒரு லோடுக்கு எதுக்கும்மா ரெண்டு?"
மற்ற இருவர் கொடுக்கவில்லை, காசாக்கிக்கொண்டார்கள்.
நீங்கள் ஷமீம்தாஜைக் கேட்டீர்கள்,
உன் பங்கு எவ்வளவு என்று.
"ஒரு தடவதான் சார் அமுக்குனேன்."
பதினோரு நாள் அதையே சொன்னாள்.
போனில் என்னையும் கேட்டீர்கள்.
யாராவது தவறாக அழுத்தியிருப்பார்கள் என்றேன்.
சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

சீட்டுகளை எடுத்துப் பாருங்கள்.
ஒவ்வோர் அழுத்தலுக்கும் வரிசை எண் ஒன்று கூடும்.
கூடவில்லை.
இரண்டிலும் அதிகாலை 2:14, முப்பத்தேழாவது நொடி.

இப்போது மாற்றிவிட்டேன்.
பிரிந்த கணமே நகல் எல்லாவற்றையும் மறந்து
வேறொரு சின்ன நிரலாகிவிடுகிறது.
திரைக்குப் போகும் கம்பியைத் தொடாது,
பழைய பூட்டு எதுவும் அதற்கு ஞாபகமிருக்காது.
வேலை முடிந்ததும் பேர் நீக்கப்படும்.
நான்கு வரி. அரை மணி நேரம்.

அவள் இப்போது பர்கூரில்
ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள்.
பிடித்த சம்பளத்தைப் பற்றி எழுத
எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை.
எழுதுகிறேன்: கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் இரண்டு பிரதி.
ஒன்று உங்களுக்கு, ஒன்று அவளுக்கு.
சந்தேகம் வேண்டாம்.
இந்த முறை அச்சிடு பொத்தானை
நான்தான் அழுத்தினேன்,
இரண்டு தடவை.